ஐம்பது கிராம் சரக்கு

ஐம்பது கிராம் என்றதும் வணிகர்களாகிய நமக்கு ஏலக்காய்ப் பொட்டலம்தான் நினைவுக்கு வரும். அரசுப் பள்ளி மாணவிகள் ராக்கெட்டில் ஏற்றி அனுப்பிய ஒவ்வொரு கருவியின் எடையும் ஏறத்தாழ அவ்வளவே.

நாடு விடுதலை பெற்ற 75-ஆவது ஆண்டையொட்டி, சென்னையிலுள்ள ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா என்னும் அமைப்பு இந்தியா முழுவதிலுமிருந்து 75 அரசுப் பள்ளிகளைத் தேர்ந்தெடுத்தது. பள்ளிக்குப் பத்து மாணவிகள். ஆக 750 பேர். மதுரைக்கு அருகே திருமங்கலம் அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளியும் அதில் உண்டு. ஹெக்சாவேர் என்ற கணினி நிறுவனம் துணை நின்றது. மாணவிகள் சிறு மின்னணுப் பலகைகளுக்கு நிரல் எழுதி, தங்கள் கருவிகளை உருவாக்கினார்கள். அவை அனைத்தையும் அடுக்கிய எட்டுக் கிலோ பெட்டிதான் 'ஆசாதிசாட்' செயற்கைக்கோள். கதிர்வீச்சை அளக்கும் கருவியும், வானொலி ஆர்வலர்களுக்கான ஒலிபரப்புக் கருவியும் அதில் இருந்தன.

2022 ஆகஸ்ட் 7 காலை 9.18-க்கு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இஸ்ரோவின் புதிய சிறிய ராக்கெட் அதைச் சுமந்து கிளம்பியது. சரக்கு போய்ச் சேரவில்லை.

காரணத்தை நம் கடைத் தராசை வைத்தே விளக்கலாம். மின்னணுத் தராசில் மூட்டையைத் தொப்பென்று போட்டால் எண்கள் எகிறிக் குதிக்கும். நாம் சற்றுப் பொறுப்போம். எண் நின்றதும் எழுதிக்கொள்வோம். அந்த ராக்கெட்டில் இரண்டாம் அடுக்கு கழன்ற அதிர்ச்சியில், வேக மாற்றத்தை அளக்கும் உணர்கருவிகள் ஓரிரு நொடி இப்படித்தான் எகிறின. கணினியோ பொறுக்கவில்லை. கருவிகளே பழுது என்று முடிவு கட்டி, அவற்றை ஒதுக்கிவிட்டு ஓட்டியது. வேகம் சற்றுக் குறைந்தது. 356 கி.மீ. உயரத்தில் வட்டமாகச் சுற்ற வேண்டிய செயற்கைக்கோள், ஒரு பக்கம் 76 கி.மீ. வரை தாழ்ந்து காற்று மண்டலத்தில் சிக்கி அழிந்தது.

லாரி கவிழ்ந்தால் நாம் கடையை மூடிவிடுவதில்லை. மறு லோடு போடுகிறோம். அடுக்குகள் பிரியும் அமைப்பை அதிர்வு குறைந்ததாக மாற்றி, பழுதைக் கண்டறியும் கணக்கையும் இஸ்ரோ திருத்தியது. 2023 பிப்ரவரி 10 அன்று, அதே 9.18 மணிக்கு, ஆசாதிசாட்-2 புறப்பட்டு 450 கி.மீ. உயரத்தில் சரியாக நிலைநிறுத்தப்பட்டது.

'பலகையும் பயிற்சியும் வெளியிலிருந்து வந்தவை. பிள்ளைகள் செய்தது என்ன?' என்று கேட்போர் உண்டு. கேள்வி நியாயமே. ஆனால் நம் கடைக்கு வரும் பையனும் முதல் நாளே கொள்முதலுக்குப் போவதில்லை. பொட்டலம் மடித்துத்தான் தொழில் பழகுகிறான். கம்பியைத் தப்பாக இணைத்து, விளக்கு எரியாமல், மறுபடி பிரித்துப் பூட்டிய பிள்ளைக்குப் பாடப்புத்தக மின்தடை வேறு மாதிரித்தான் புரியும்.

இதற்கு ராக்கெட்தான் வேண்டும் என்பதில்லை. நம் தராசுத் தட்டுக்கு அடியில் ஓர் உலோகத் துண்டு இருக்கிறது. பாரம் ஏறினால் அது கண்ணுக்குத் தெரியாத அளவு வளையும். அதில் ஒட்டிய மெல்லிய கம்பி நீண்டு, மின்தடை மாறும். அந்த மாற்றமே கிராமாகக் காட்டப்படுகிறது. தராசு பழுது பார்ப்பவர் மூடியைக் கழற்றும் நாளில், பக்கத்துப் பள்ளி மாணவிகள் பத்துப் பேர் வந்து பார்த்தால் நமக்கு என்ன செலவு? அரிசி ஆலையில் கல் பிரிக்கும் இயந்திரம், நிறம் பார்த்துக் கறுப்பரிசியை ஊதித் தள்ளும் இயந்திரம், குளிர்பதனக் கிடங்கு, பாக்கெட் போடும் இயந்திரம் என்று நம் உறுப்பினர்களிடம் இல்லாததா?

நம்மில் பலர் வீட்டுப் பெண்பிள்ளைகள் கடைக் கணக்கை நம்மைவிட வேகமாகப் போடுகிறார்கள். ஆனால் இயந்திரம் நின்றால் தம்பியைத்தான் கூப்பிடுகிறோம். ஸ்குரூடிரைவரை அவர்கள் கையில் கொடுத்துப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

ஆலை, கிடங்கு வைத்திருப்போர் அரை நாள் ஒதுக்க இசைந்தால் சங்கச் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம். தலைமையாசிரியரிடம் பேசும் பொறுப்பைச் சங்கம் பார்த்துக்கொள்ளும். ஒரு தடவைக்குப் பத்துப் பேருக்கு மேல் வேண்டாம். கூட ஓர் ஆசிரியை வர வேண்டும். பெல்ட் ஓடும் இடங்களில் மூடி கட்டாயம் இருக்க வேண்டும். தாவணி, துப்பட்டாவை இறுக முடிந்துகொள்ளச் சொல்ல வேண்டும். இயந்திரத்தை நிறுத்தி, மின்சாரத்தைத் துண்டித்த பிறகே திறந்து காட்ட வேண்டும்.