தோம்பும் மதிப்பீட்டுப் பத்திரமும்: வரிப்பிணக்கின் சமூக அடிப்படை

வரிப்பிணக்கைக் கணக்காளருக்கும் சட்டத்தரணிக்கும் மட்டுமே உரிய விடயமாகக் கருதுவது வழக்கம். ஆயின், அரசு தன் ஆட்சிக்குட்பட்டோரை எவ்வாறு பதிவுசெய்கின்றது, அப்பதிவை மறுக்கும் ஆற்றல் எவருக்கு உண்டு என்னும் இரு வினாக்கள் அதனுள் அடங்கியுள்ளன. இவற்றை ஆராயும்பொருட்டு யாழ்ப்பாணக் குடாநாட்டின் தோட்டப்பயிர்க் கிராமங்களுள் ஒன்றாகிய இணுவிலை நாம் எடுத்துக்கொள்கிறோம். கிணற்றுநீரும் செம்மண்ணும் கடின உழைப்பும் கொண்டு புகையிலை முதலிய பணப்பயிர்களை விளைவித்த இத்தகைய ஊர்களில், விளைச்சல் சந்தைக்குச் சென்று பணமாகியது. பணம் புழங்கும் இடத்தை எந்த ஆட்சியும் கணக்கிலெடுக்கத் தவறுவதில்லை.

1619இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய போர்த்துக்கேயரும், 1658இல் அவர்களை அகற்றிய ஒல்லாந்தரும் நிலத்தையும் மனிதரையும் தோம்புகளிற் பதிவுசெய்தனர். நிலத்தோம்பு காணிக்கும் தலைத்தோம்பு ஆளுக்கும் உரியன. நிலவரி, தலைவரி, ஊழியம் என்பன இப்பதிவுகளைக் கொண்டே அறவிடப்பட்டன. காணியில் உழைத்தவனுக்குத் தோம்பின் எழுத்துத் தெரியாது. எழுத்தும் அதிகாரமும் உள்ளூர்த் தலைமைக்காரரிடமும் குடியேற்றவாத உத்தியோகத்தரிடமும் இருந்தன. தன்மீது எழுதப்பட்டதை மறுத்துரைக்கச் சாதாரண குடியானவனுக்கு உறுதியான வழி எதுவும் இருக்கவில்லை.

இப்பின்னணியிலேயே இணுவில் சின்னத்தம்பிப் புலவர் பற்றிய மரபை நாம் நோக்குதல் வேண்டும். ஒல்லாந்தர் அவரைச் சிறையிலிட்டனர் என்றும், அங்கிருந்து ஊர்த்தெய்வமாகிய சிவகாமியம்மை மீது துதி பாடி விடுதலை பெற்றனர் என்றும் கூறுவர். அவரது சிறைவாசத்துக்கு வரிதான் காரணம் என்பது எமது வாதமன்று. எழுத்தறிவும் புலமையும் வாய்ந்த ஒருவர்கூட முறையிடத்தக்க மன்றமாகத் தெய்வத்தையே கண்டார் என ஊர் நினைவு பேணி வந்துள்ளமையே இங்குக் கருதத்தக்கது. மண்ணில் மேன்முறையீடு இல்லாத சமுதாயத்தில் அது விண்ணை நோக்கிச் செல்கின்றது. பக்தி இலக்கியத்தின் சமூகப் பயன்பாடுகளுள் இதுவும் ஒன்று எனலாம்.

வரியை மறுக்கும் உரிமை மேலிருந்து வழங்கப்பட்ட கொடையன்று. ஆங்கிலேயர் கரையோரத்தைக் கைப்பற்றியபின் சென்னையிலிருந்து வருவித்த அமில்தார்களைக் கொண்டு வரி திரட்டினர்; தென்னைக்கும் வரி விதித்தனர். 1797இல் மக்கள் கிளர்ந்தெழுந்தனர். டி மியூறன் தலைமையிலான குழு விசாரித்தது, அம்முறையும் கைவிடப்பட்டது. 1848இல் துப்பாக்கி, நாய், கடை ஆகியவற்றின் மீதான வரிகளும் வீதிவேலைக் கட்டாயமும் கண்டிப் பிரதேசத்தில் எழுச்சியைத் தோற்றுவித்தன. அவ்வரிகளுட் பலவற்றை அரசு விலக்க நேர்ந்தது. 1932இல் வருமானவரி நடைமுறைக்கு வந்தபோது பிணக்கு சட்டத்தின் நெறிக்குள் வந்து சேர்ந்தது.

இன்று நடைமுறையிலுள்ள 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தின்படி, வருமானத்தைத் தாமே கணித்து அறிவிப்பது வரிசெலுத்துவோரின் கடமை. அதனைப் பரிசோதிப்பது திணைக்களத்தின் அதிகாரம். திணைக்களம் விதிக்கும் மதிப்பீட்டை ஏற்காதவர், அறிவித்தல் கிடைத்து 30 நாட்களுக்குள் ஆணையாளர் நாயகத்திடம் நிருவாக மீளாய்வு கோரலாம். அங்குத் தீர்வு கிட்டாதவிடத்து, 2011ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிறுவப்பட்ட வரி மேன்முறையீட்டு ஆணைக்குழுவை நாடலாம். அதன்பின் சட்டப்பிரச்சினை ஒன்றின்மீது மட்டும் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குச் செல்லலாம். மதிப்பீடு தவறானது என நிறுவும் பொறுப்பு வரிசெலுத்துபவருடையதே. ஆகையால், கொள்வனவுச் சிட்டை, விற்பனைப் பதிவு, வங்கிக் கூற்று ஆகியவற்றை ஒழுங்காகப் பேணாதவனிடம் நியாயம் இருந்தும் சான்று இராது. காலக்கெடுவைத் தவறவிட்டால், சான்றிருந்தும் பயன் கிட்டுவது அரிது.

தோம்புக் காலத்தோடு ஒப்பிடுமிடத்து இது பெரும் முன்னேற்றமே. எனினும் இப்படிகளில் ஏற எவரால் இயலும்? கணக்காளரையும் சட்டத்தரணியையும் அமர்த்தத்தக்க கம்பனி 30 நாட்களுள் விரிவான ஆட்சேபனையை அனுப்பிவிடும். குறிப்புக் கொப்பியில் கணக்கெழுதும் இணுவிற் சிறுகடைக்காரருக்கு அதே 30 நாட்கள் கடிதத்தை விளங்கிக்கொள்ளவே போதா. சட்டம் இருவருக்கும் ஒன்று. அதனைப் பயன்படுத்தும் வாய்ப்பு ஒன்றன்று.

இதனினும் ஆழமான முரண்பாடு ஒன்றுண்டு. இலங்கையின் வரி வருவாயிற் பெரும்பகுதி நேரில் வரிகளாலேயே பெறப்படுகின்றது. 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரி 18 வீதமாக உயர்ந்தது. தோட்டக் கூலியாள் சவர்க்காரம் வாங்கும்போது அவ்வரியை விலையுடன் சேர்த்துச் செலுத்துகிறார். அவருக்கு மதிப்பீட்டுப் பத்திரம் வருவதில்லை; ஆதலால் மேன்முறையீடும் இல்லை. அவர் பெயர் எந்தப் பதிவிலும் வரிசெலுத்துபவராகத் தோன்றுவதுமில்லை. வரி கட்டாதவர் என்ற ஏளனமே அவருக்கு மிஞ்சுகின்றது.

எனவே, வரிப்பிணக்கை ஆராய்வோர் அலுவலகக் கோப்புகளில் உள்ள பிணக்குகளோடு நின்றுவிடலாகாது. சிறுவணிகருக்கு அவர்தம் மொழியிலே தெளிவான அறிவித்தலும் இலவச ஆலோசனையும் கிடைத்தல் அவசியம். அது உடனடிக் கோரிக்கை. நேரில் வரியின் சுமையைக் குறைத்து, செல்வத்தின் மீதும் உயர் வருமானத்தின் மீதும் வரியைத் திருப்புதல் அரசியற் கோரிக்கை. முதலாவதை மனு மூலம் பெறலாம்; இரண்டாவதை 1797உம் 1848உம் காட்டியவாறு மக்களின் கூட்டுச் செயற்பாடே பெற்றுத்தரும்.