கம்ப்யூட்டருக்குள் ஒரு காற்றாடி

செல்லங்களே, சாயங்காலம் நாலு மணிக்கு மேல் திருவான்மியூர் கடற்கரையில் நின்று பார்த்திருக்கிறீர்களா? கடற்காற்று சட்டையைப் பிடித்து இழுக்கும். குச்சியில் குத்திய காகிதக் காற்றாடியைக் கையில் பிடித்தால், விர்ரென்று சுற்றும். (பட்டத்தைச் சொல்லவில்லை. சென்னைப் பிள்ளைகள் பட்டத்தையும் 'காத்தாடி' என்பார்களே, அதனால் முன்பே சொல்லி வைக்கிறேன்!)

அந்தக் காற்றாடிக்குள் புகுந்து வெளியே போகும் காற்று, எந்தத் திசையில், எவ்வளவு வேகத்தில் போகிறது? கண்ணுக்குத் தெரியாது. ஆனால், மின்சாரம் எடுக்கும் காற்றாலையைச் செய்பவர்களுக்கு அது தெரிந்தே ஆக வேண்டும்.

இன்றைய பெரிய காற்றாலைகளில் ஓர் இறக்கையே 60 மீட்டர் நீளம், அதற்கு மேலும் உண்டு. நிமிடத்துக்கு 12 முறை சுற்றினால், அதன் நுனி என்ன வேகத்தில் போகும்? வட்டத்தின் சுற்றளவு காணத்தான் உங்களுக்குத் தெரியுமே, போட்டுப் பாருங்கள். மணிக்கு சுமார் 270 கிலோமீட்டர் வரும்! இவ்வளவு பெரிய இறக்கையைப் பத்து விதமாகச் செய்து, மாட்டிப் பார்ப்பது கட்டுப்படியாகுமா? அதனால், முதலில் கம்ப்யூட்டருக்குள் சுற்றிப் பார்க்கிறார்கள். இந்தத் துறைக்கு, 'கணினிவழிப் பாய்ம இயக்கவியல்' என்று பெயர். பாய்மம் என்றால் பாயக்கூடியது. நீர், காற்று இரண்டும் பாய்மங்களே. சுருக்கமாக, 'சி.எப்.டி.' என்பார்கள்.

கட்டம் போட்ட கணக்கு நோட்டை நினைத்துக் கொள்ளுங்கள். அதுபோல, காற்றாலையைச் சுற்றியுள்ள காற்று முழுவதையும் சின்னச் சின்னப் பெட்டிகளாகப் பிரிக்கிறார்கள். இறக்கையை ஒட்டினாற்போல், மிகப் பொடிப் பெட்டிகள். தள்ளிப் போகப் போகப் பெரிய பெட்டிகள். லட்சக்கணக்கில், சில சமயம் கோடிக்கணக்கில் பெட்டிகள் வரும். ஒவ்வொன்றிலும் காற்றின் வேகம் என்ன, அழுத்தம் என்ன என்று கம்ப்யூட்டர் கணக்கிடும். ஒரு பெட்டியை விட்டு வெளியேறும் காற்று, பக்கத்துப் பெட்டிக்குள் போய்த்தானே ஆக வேண்டும்? நடுவில் மாயமாய் மறைய முடியாது. இந்தக் கணக்குக்கான சமன்பாடுகளை 19ம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்துவிட்டனர், பிரான்சின் நேவியரும், அயர்லாந்தில் பிறந்த ஸ்டோக்சும். கம்ப்யூட்டர்தான் தாமதமாக வந்து சேர்ந்தது.

இப்போது ஒரு சிக்கல். பெட்டிகள் அசையாமல் நிற்கின்றன, இறக்கையோ சுற்றுகிறது. பெட்டிகளைக் கிழித்துக்கொண்டா சுற்றும்?

இதற்கு ஓர் அழகான வழி இருக்கிறது. பள்ளி மைதானத்தில் பிள்ளைகளை இரண்டு வட்டமாக, ஒன்றுக்குள் ஒன்றாக நிறுத்துங்கள். வெளி வட்டம் அசையக் கூடாது. உள் வட்டம் கைகோத்துச் சுற்றி வர வேண்டும். உள்ளே இருப்பவர், அந்த நொடியில் தனக்கு நேரே யார் நிற்கிறாரோ, அவரிடம் பந்தைக் கொடுக்க வேண்டும். அடுத்த நொடியில் நேரே நிற்பவர் வேறொருவர்! காற்றாலைக் கணக்கிலும் இதே விளையாட்டுதான். இறக்கையைச் சுற்றியுள்ள பெட்டிகள் எல்லாம் ஒரு பெரிய உருளைக்குள் இருந்து, இறக்கையோடு சேர்ந்து சுற்றும். வெளியே உள்ளவை நின்றபடி நிற்கும். எல்லையில் காற்று கைமாறும். உருளை ஒரு பாகை திரும்பியதும், எல்லாப் பெட்டிக்கும் கணக்கு. மறுபடி ஒரு பாகை, மறுபடி கணக்கு. ஒரு முழுச் சுற்றுக்கு இப்படி 360 தடவை. பல கம்ப்யூட்டர்கள் சேர்ந்து உழைத்தாலும் நாள் கணக்கில் ஆவதில் வியப்பில்லை.

விடை வண்ணப் படமாகத் திரையில் வரும். சிவப்பும், நீலமுமாகப் பார்க்கவே ஜோராக இருக்கும். ஆனால், அழகான படமெல்லாம் சரியான படம் ஆகிவிடுமா?

இதற்கு அமெரிக்காவில் ஒரு பரீட்சையே நடந்தது. 2000ம் ஆண்டில், கலிபோர்னியாவில் உள்ள நாசாவின் ஏம்ஸ் மையத்தில், 80 அடி உயரமும், 120 அடி அகலமும் கொண்ட பிரமாண்டமான காற்றுச் சுரங்கத்தில், இரண்டு இறக்கைக் காற்றாலை ஒன்றை வைத்துச் சுற்றினார்கள். இறக்கை வட்டத்தின் விட்டம் 10 மீட்டர். அளந்த விடையைப் பூட்டி வைத்துவிட்டு, 'எவ்வளவு சக்தி கிடைத்திருக்கும், கணக்குப் போட்டுச் சொல்லுங்கள்' என்று பல நாட்டு நிபுணர்களிடம் கேட்டார்கள். காற்று சீராக ஓடும் எளிய நிலையிலேயே, உண்மை விடை 100 என்றால், சிலர் 25 என்றார்கள். சிலர் 175 என்றார்கள்! எல்லாரும் கெட்டிக்காரர்கள்தான். ஆனால் அவர்களில் பலர், குறுக்குவழிக் கணக்குகளைப் பயன்படுத்தியிருந்தனர். காற்றைப் பெட்டி பெட்டியாகப் பிரித்து, முழுக் கணக்கையும் போட்ட டென்மார்க்கின் ரிசோ ஆய்வகத்தின் விடை, அளவீட்டோடு நன்றாக ஒத்துப் போனது.

நம் ஊரிலும் இப்படி அளந்து பார்ப்பவர்கள் உண்டு. திருவான்மியூருக்குப் பக்கத்தில் இருக்கும் பள்ளிக்கரணையில், தேசிய காற்று ஆற்றல் நிறுவனம் இருக்கிறது. 1998ல் தொடங்கப்பட்டது. காற்றாலைகளைச் சோதிக்கும் நிலையம், தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறில் இருக்கிறது. ஆமாம், கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட அதே கயத்தாறுதான். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்களே, அந்தத் தென்மேற்குப் பருவக்காற்று வீசும் பூமி.

காற்றாலையைச் சோதிக்க, அதற்கு முன்னால் ஒரு கம்பத்தை நட்டு, காற்றின் வேகத்தை அளப்பார்கள். இறக்கை வட்டத்தின் விட்டத்தைப்போல, குறைந்தது இரண்டு மடங்கு தள்ளி நட வேண்டும். ஏன் அவ்வளவு தூரம்? கிட்டே போனால், காற்றாலையே காற்றை மட்டுப்படுத்திவிடும். பத்துப் பத்து நிமிடத்துக்குச் சராசரி எடுத்து, இந்த வேகத்துக்கு இவ்வளவு மின்சாரம் என்று குறிப்பார்கள். வேகத்தை அளப்பதில் சின்னப் பிழை வந்தாலும் ஆபத்து. ஏனென்றால், காற்றின் வேகம் இரண்டு மடங்கானால், அதிலுள்ள சக்தி எட்டு மடங்காகும்!

காற்றாலைக்குப் பின்னால் வருவது, களைத்துப்போன காற்று. சுழித்துக்கொண்டு, மெதுவாக வரும். அதன் நேர் பின்னால் இன்னொரு காற்றாலையை மிக நெருக்கமாக நட்டால், பாவம், அதற்குக் கிடைப்பது மிச்சம் மீதிதான். எவ்வளவு இடைவெளி விடலாம் என்று பார்க்கவும் சி.எப்.டி. உதவுகிறது.

கம்ப்யூட்டர் இல்லாமலே நீங்களும் இதைப் பார்க்கலாம். ஒரே அளவில் இரண்டு காகிதக் காற்றாடிகள் செய்யுங்கள். பின்னால் வைக்கப் போகும் காற்றாடியின் ஓர் இதழில் மட்டும், சிவப்பு மை தடவுங்கள்; சுற்றுகளை எண்ண வசதியாக இருக்கும். கடற்கரைக்கு அம்மா, அப்பாவோடு போய், முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என நேராகப் பிடியுங்கள். பின் காற்றாடியை ஒரு சாண், இரண்டு சாண், நான்கு சாண் என்று தள்ளிக்கொண்டே போய், வேகம் குறைகிறதா, எத்தனை சாணில் மறுபடி பழைய வேகம் வருகிறது என்று நோட்டில் குறித்துக் கொள்ளுங்கள்.