உங்களுக்குத் தெரியுமா? காருக்குப் பின்னால் வரும் வீடு

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் விடுமுறை என்றால் படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் அடங்கிய டிரெய்லர் வீட்டைக் காருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள் பலர். நெடுஞ்சாலையில் அந்த வீடு ஆட்டம் கண்டால் உயிரைக் காப்பது எது?

சங்கிலி தாங்கிய உயிர்கள்
2021 மே 27. அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் 30 அடி டிரெய்லரை இழுத்துவந்த ஒரு பிக்கப் வண்டி, மலாட் ஆற்றுப் பள்ளத்தின் மேல் உள்ள பாலத்தில் தடுமாறித் தடுப்பைத் தாண்டியது. டிரெய்லர் பாலத்தில் சிக்கி நின்றது. பிக்கப் தலைகீழாக அந்தரத்தில் தொங்கியது. கீழே சுமார் 100 அடி. இரண்டையும் பிணைத்திருந்தது டிரெய்லரின் பாதுகாப்புச் சங்கிலி மட்டுமே. போலீஸ்காரர்கள் அருகில் நின்ற லாரியிலிருந்து இன்னொரு சங்கிலியை வாங்கிப் பிணைத்தார்கள். மீட்புப் படையினர் கயிற்றில் இறங்கி, உள்ளே இருந்த ஆணையும் பெண்ணையும் மேலே கொண்டுவந்தார்கள். இரண்டு சிறிய நாய்களும் பிழைத்தன.

ஏன் குறுக்காக?
அந்தப் பாதுகாப்புச் சங்கிலிகள் இரண்டு. வலப்பக்கத்துச் சங்கிலி இடக் கொக்கிக்கும் இடப்பக்கத்துச் சங்கிலி வலக் கொக்கிக்கும் போகும்படி குறுக்காக மாட்டுவார்கள். பிணைப்பு கழன்றால் டிரெய்லரின் மூக்கு தரையில் குத்தாமல், சங்கிலிகள் குறுக்காக அமைக்கும் தொட்டிலில் விழுந்து தங்கிவிடும்.

அறுந்தாலும் பிரேக் உண்டு
சங்கிலியும் போய்விட்டால்? மின்பிரேக் உள்ள டிரெய்லர்களில், காரோடு கட்டிய மெல்லிய கம்பி ஒன்று இழுபட்டு, டிரெய்லரில் இருக்கும் ஒரு முளையைப் பிடுங்கும். அடுத்த கணமே டிரெய்லரின் சொந்த 12 வோல்ட் பேட்டரி அதன் பிரேக்குகளை இறுக்கிவிடும். ஐரோப்பிய டிரெய்லர்களில் இந்தக் கம்பி கைபிரேக்கை இழுத்துவிட்டுத்தான் அறுகிறது.

மூக்கில் எடை வேண்டும்
டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் காரின் கொக்கி மேல் இறங்க வேண்டும் என்பது அமெரிக்கக் கணக்கு. 2,500 கிலோ டிரெய்லருக்கு 250 முதல் 375 கிலோ. பின்பக்கம் பாரம் கூடி மூக்கு லேசானால் டிரெய்லர் இடமும் வலமுமாக ஆடத் தொடங்கும். மூக்கில் அளவு மீறினாலோ காரின் முன்சக்கரங்களில் பாரம் குறைந்து ஸ்டீயரிங் பிடி தளரும்.

கல் சேர்த்த கதாநாயகி
1954இல் வந்த ‘தி லாங், லாங் டிரெய்லர்’ என்ற ஹாலிவுட் நகைச்சுவைப் படத்தில், தேனிலவுக்குப் போகும் மனைவி வழியெல்லாம் கற்களைச் சேர்ப்பார். தூக்கிப் போடச் சொன்னாலும் கேட்காமல் டிரெய்லருக்குள் ஒளித்துவைப்பார். மலைப்பாதையில் வினை வரும். நடித்த லூசில் பாலும் டெசி அர்னாஸும் நிஜத்திலும் தம்பதி. கல் வேண்டாம், தண்ணீரே போதும்: 150 லிட்டர் தொட்டியை நிரப்பினால் 150 கிலோ கூடிவிடும்.

ஆடினால் என்ன செய்வது?
காலை ஆக்சிலரேட்டரிலிருந்து எடுங்கள். ஸ்டீயரிங்கை நேராகப் பிடியுங்கள். கார் பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள். வேகத்தைக் கூட்டிச் சமாளிக்கவும் பார்க்காதீர்கள். மின்பிரேக் உள்ள டிரெய்லர் என்றால் ஓட்டுநருக்கு எட்டும் இடத்தில் அதற்கென்று தனி விசை இருக்கும். அதை மெல்ல அழுத்தினால் டிரெய்லர் மட்டும் பின்னுக்கு இழுத்து நேராகும். எதிர்த்திசையில் வளைத்துத் திருத்தப் பார்ப்பது ஆபத்து. நம் கை திரும்புவதற்குள் டிரெய்லர் மறுபக்கம் போயிருக்கும். திருத்தம் ஆட்டத்துக்கே துணைபோகும்.

காற்றுக்கும் காவல் வண்டி
அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உள்ள மாக்கினாக் பாலம் ஏறக்குறைய 8 கி.மீ. நீளம், 1957இல் திறக்கப்பட்டது. அங்கே காற்று மணிக்கு 35 மைல் (சுமார் 56 கி.மீ.) வேகத்தைத் தொட்டுவிட்டால், டிரெய்லர் போன்ற உயரமான வண்டிகளைப் பாலத்து ஊழியர்களே காவல் வண்டியோடு மெதுவாக அழைத்துப் போகிறார்கள். காற்று இன்னும் வலுத்தால் அவற்றுக்குப் பாதை மூடப்படும்.

80க்கும் 100க்கும் உள்ள தூரம்
டிரெய்லர் இழுக்கும் காருக்கு ஜெர்மனியில் பொதுவான வேக வரம்பு மணிக்கு 80 கி.மீ. கலிபோர்னியாவில் 55 மைல், அதாவது சுமார் 88 கி.மீ. பிரிட்டனின் மோட்டார்வேயில் 60 மைல். அங்கே மூன்று தடங்களோ அதற்கு மேலோ இருந்தால் வலது ஓரத் தடத்தில் ஏறவே கூடாது. ஏன் இத்தனை கெடுபிடி? 80இலிருந்து 100க்கு ஏறினால் வேகம் கால் பங்குதான் கூடுகிறது. மோதலில் வெளிப்படும் ஆற்றலோ 56 சதவீதம் கூடிவிடுகிறது.

டயருக்கும் பிறந்த தேதி
டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் பிறந்தது. டிரெய்லர் மாதக்கணக்கில் வெயிலில் நிற்பதால், பள்ளங்கள் தேயாமலே ரப்பர் கிழடாகிவிடும். ஜெர்மனியின் ஆட்டோபானில் 100 கி.மீ. வேகத்தில் இழுக்கச் சிறப்பு அனுமதி உண்டு. அதற்கு டிரெய்லரின் டயர்கள் ஆறு வயதுக்குள் இருக்க வேண்டும். உங்கள் கார் டயரிலும் அந்த நான்கு இலக்கத்தைப் பார்க்கலாம்.

ஓடும்போது உள்ளே ஆள் கூடாது
படுக்கை இருக்கிறதே, பிள்ளைகள் தூங்கட்டும் என்று விட முடியாது. பிரிட்டனில் ஓடும் கேரவனுக்குள் ஆள் இருப்பது குற்றம். சாதாரண டிரெய்லர் வீட்டில் சீட் பெல்ட் இல்லை, மோதலைத் தாங்கும் கூண்டும் இல்லை. எடையைக் குறைக்க மெல்லிய மரச்சட்டமும் தகடுமாகக் கட்டிய சுவர்கள், கவிழ்ந்தால் சிதறிப்போகும்.

கேஸ் பள்ளத்தில் தங்கும்
சமையலுக்கான புரொப்பேன் சிலிண்டர் பெரும்பாலும் டிரெய்லரின் முன்புறத்தில் இருக்கும். புரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது. விபத்தில் கசிந்தால் சாலையோரப் பள்ளத்தில் போய்த் தங்கும். ஆகவே வால்வை மூடிவிட்டே வண்டியை எடுக்க வேண்டும்; கேஸ் வாசனை வந்தால் மேட்டுப் பக்கமாக விலக வேண்டும். அமெரிக்காவின் பால்டிமோர் நகரின் சுரங்கச் சாலைகளில் 10 பவுண்டுக்கு மேற்பட்ட புரொப்பேன் சிலிண்டருக்கு அனுமதி இல்லை. முன்பு இப்படிப்பட்ட வண்டிகள் ஃபிரான்சிஸ் ஸ்காட் கீ பாலம் வழியே போய்வந்தன. 2024 மார்ச் 26 அன்று கப்பல் மோதி அந்தப் பாலம் இடிந்ததால், இப்போது ஊரைச் சுற்றித்தான் போக வேண்டும்.

தப்பித்த பிறகு
மோதலில் பிழைத்தவரை அடுத்த வண்டி அடித்துவிடலாம். டிரெய்லருக்குள் நகையும் பணமும் இருந்தாலும் எடுக்கத் திரும்பிப் போகாதீர்கள். போக்குவரத்து இல்லாத பக்கக் கதவால் இறங்கி, தடுப்புக் கம்பிக்கு அப்பால் நில்லுங்கள். ஜெர்மனியில் பளிச்சிடும் மேலங்கி ஒன்று காரில் இருந்தாக வேண்டும் என்பது 2014 முதல் சட்டம். சாலையோரம் நிற்கும் போலீஸ், ஆம்புலன்ஸ் வண்டிகளைக் கண்டால் அடுத்த தடத்துக்கு விலகவோ வேகத்தைக் குறைக்கவோ வேண்டும் என்ற சட்டம் அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் உண்டு.