கல்யாணப் படங்களும் குறுந்தகடும்

வெளி மாநிலத்தில் குடியிருக்கும் நாம், வீட்டில் ஒரு விசேஷம் என்றால் படம் எடுக்கவும் நம்மவர் ஒருவரையே தேடுகிறோம். ஊஞ்சல் எப்போது, மாலை மாற்றுவது எப்போது என்று அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை அல்லவா? வேலை நாட்களில் அலுவலகம், முகூர்த்த நாட்களில் காமிரா என்று இதையே உபதொழிலாகச் செய்யும் இளைஞர்களும் நம்மிடையே உண்டு. படம் எடுத்துத் தருபவர், பணம் கொடுத்து வாங்குபவர் என இரு தரப்பினருக்கும் பயன்படட்டும் என்றுதான் இந்தக் கட்டுரை.

ஃபிலிம் காலத்தில் ஆல்பம் கெட்டுப்போனாலும் நெகடிவ் இருந்தால் மறுபடி பிரிண்ட் போட்டுக்கொள்ளலாம். இன்று கையில் கொடுக்கப்படும் தகடோ, பென் டிரைவோதான் நெகடிவ். அது போனால், அந்த நாளின் படங்களும் போயின. பென் டிரைவ் வசதிதான். ஆனால் பேரக்குழந்தை ஒரு பொத்தானைத் தட்டினால் எல்லாம் அழிந்துவிடும். ஒருமுறை மட்டுமே எழுதக்கூடிய தகட்டில் அந்தப் பயம் இல்லை. வைரஸும் பிறகு புக முடியாது. தகடு கேட்பவர்கள் இன்னும் இருப்பதற்கு இதுவே காரணம்.

எந்தத் தகடு?

சி.டி.யில் 700 எம்.பி., சாதாரண டி.வி.டி.யில் 4.7 ஜி.பி., ப்ளூ-ரேயில் 25 ஜி.பி. கொள்ளும். ஒரு படம் 8 எம்.பி. என்று வைத்துக்கொண்டால் டி.வி.டி.யில் சுமார் 550 படங்கள் அடங்கும். 1,500 படங்கள் உள்ள கல்யாணத்துக்கு 3 டி.வி.டி. வேண்டும். ப்ளூ-ரே என்றால் ஒன்றே போதும். ஆனால் அதைப் படிக்கும் டிரைவ் வாடிக்கையாளர் வீட்டில் உண்டா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். சோனி நிறுவனம் எழுதக்கூடிய ப்ளூ-ரே தகடுகளின் உற்பத்தியை 2025 பிப்ரவரியோடு நிறுத்திவிட்டது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

'ஆர்.டபிள்யூ' என்று போட்டிருப்பவை அழித்து எழுதக்கூடியவை. வாடிக்கையாளருக்கு அவை வேண்டாம். விலை மலிவு என்று பெயர் தெரியாத தகடுகளை மொத்தமாக வாங்கவும் வேண்டாம். சி.டி.-ஆர், டி.வி.டி.-ஆர் தகடுகளில் படங்கள் பதிவது ஒரு மெல்லிய சாயப் படலத்தில். வெயிலும் வெப்பமும் ஈரமும் அந்தச் சாயத்தைக் கெடுக்கும். 'எம்-டிஸ்க்' என்ற வகையில் சாயத்துக்குப் பதிலாகக் கனிமப் படலம் இருப்பதால் அது அதிக நாள் தாங்கும். விலையும் அதற்கேற்ப அதிகம்.

எழுதும்போது

உச்ச வேகத்தில் எழுதாதீர்கள். 16 மடங்கு வேகம் தாங்கும் டி.வி.டி. என்றால் 8 மடங்கு போதும். விளிம்பு வரை நிரப்பாமல் கொஞ்சம் இடம் விடுங்கள். முடிந்ததும் 'ஃபைனலைஸ்' செய்து, 'வெரிஃபை' செய்து, வேறொரு கம்ப்யூட்டரிலும் போட்டுப் பார்த்த பிறகே கொடுங்கள். இரண்டு பிரதிகள் கொடுப்பது நல்லது: ஒன்று இங்கே, மற்றொன்று ஊரில் தாத்தா பாட்டி வீட்டில்.

லேபிள் விஷயம்

தகட்டின் பளபளப்பான அடிப்பக்கம்தான் மென்மையானது என்று பலர் நினைக்கிறார்கள். சி.டி.யைப் பொறுத்தவரை விஷயம் நேர் எதிர். பதிவுப் படலம் மேல்பக்கத்தில், மெல்லிய பூச்சுக்குச் சற்றே கீழே இருக்கிறது. பால் பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுதினால் அந்த இடத்தில் உள்ள படங்கள் பாழாகலாம். டி.வி.டி.யில் 0.6 மி.மீ. கனமுள்ள இரண்டு தகடுகளை ஒட்டி, நடுவே பதிவுப் படலத்தை வைத்திருக்கிறார்கள்; அதனால் கீறல் அவ்வளவு எளிதில் உள்ளே எட்டாது.

காகித ஸ்டிக்கர் இரண்டுக்கும் ஆகாது. சற்றே கோணலாக ஒட்டினாலும் தகடு சுழலும்போது ஆட்டம் காணும். நாளடைவில் பசை உலர்ந்து ஓரம் கிளம்பும். பிய்க்கப் போனால் சி.டி.யின் படலமும் சேர்ந்து வரும். அழகான முகப்பு வேண்டுமானால், இங்க்ஜெட் பிரின்டரில் அச்சிடக்கூடிய வெள்ளை மேற்பரப்புத் தகடுகளை வாங்குங்கள். கையால் எழுதுவதானால், தகடுகளுக்கென்றே விற்கும் தண்ணீர் மை மார்க்கர் போதும். நடுத்துளையைச் சுற்றியுள்ள கண்ணாடி போன்ற வளையத்தில் எழுதுவது எல்லாவற்றையும் விடப் பத்திரம்.

என்ன எழுதுவது? 'கல்யாணம்' என்று மட்டும் எழுதினால் இருபது வருடம் கழித்து யாருடையது என்று யார் சொல்வது? குடும்பப் பெயர், விசேஷம், ஊர், தேதி, '1/3' என்ற வரிசை எண், எத்தனை படங்கள், எடுத்தவர் பெயர், தொலைபேசி எண் ஆகிய எல்லாம் இருக்கட்டும். தகட்டில் இடம் போதாவிட்டால் பெட்டியின் அட்டையில் விவரமாக எழுதலாம். தமிழோடு ஆங்கிலத்திலும் எழுதுங்கள். இங்கே வளரும் பிள்ளைகள் எல்லோருக்கும் தமிழ் படிக்க வருகிறதா என்ன? உள்ளே இருக்கும் கோப்புகளுக்கு மட்டும் ஆங்கில எழுத்தும் எண்ணுமே போதும். பழைய கருவிகள் சிலவற்றில் தமிழ்ப் பெயர்கள் வெறும் கட்டங்களாகத் தெரியும்.

வாங்கியவர்கள் கவனத்துக்கு

தகட்டை விளிம்பிலும் நடுத்துளையிலும் மட்டும் பிடியுங்கள். பெட்டியில் போட்டு, புத்தகம்போல் நிமிர்த்தி, வெயில் படாத உலர்ந்த அலமாரியில் வையுங்கள். துடைப்பதானால் மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கித் துடையுங்கள். வட்டமாகத் துடைக்கக் கூடாது.

இப்போது வரும் மடிக்கணினிகள் பலவற்றில் தகடு போடும் இடமே இல்லை. ஆகவே வீட்டில் உள்ள பழைய தகடுகளை, யு.எஸ்.பி.யில் இணைக்கும் டிரைவ் ஒன்றை வாங்கியோ இரவல் பெற்றோ, இந்த விடுமுறையிலேயே ஹார்டு டிஸ்க்கில் பிரதி எடுத்துவிடுங்கள். பிரதி எடுத்த தகட்டையும் தூக்கி எறிய வேண்டாம். எந்தப் படமும் இரண்டு இடத்தில் இருந்தால்தான் அது இருப்பதாகக் கணக்கு.