பிடரி முளைத்த பெண் சிங்கங்கள்

போட்ஸ்வானாவின் ஒகவாங்கோ ஆறு கடலைப் பார்ப்பதே இல்லை. கலாஹாரி மணலில் பல கிளைகளாகப் பிரிந்து, சதுப்பும் தீவுமாகப் பரந்து, அங்கேயே வற்றிவிடுகிறது. அந்தச் சதுப்பிலுள்ள மொரேமி காப்பகத்தில் சஃபாரி போகிறவர்கள், புல்லுக்குள் படுத்திருக்கும் பிடரிக்காரச் சிங்கத்தை ஆண் என்றே நினைத்துப் படமெடுப்பார்கள். அது எழுந்து முதுகு காட்டி நடக்கும்போதுதான், பின்னங்கால்களுக்கு நடுவே விதைப்பை இல்லை என்பது தெரியும். அது பெண் சிங்கம்!

எப்படி வந்தது இந்தப் பிடரி? ஆண் குட்டிக்கு ஒரு வயது வாக்கில் கழுத்தில் மயிர் அடர ஆரம்பிக்கும். அதைத் தூண்டுவது டெஸ்டோஸ்டீரோன் என்ற ஹார்மோன்; ஆண் உடலின் அடையாளங்களை வளர்க்கும் சுரப்பு. விதை நீக்கம் செய்த ஆண் சிங்கத்துக்குப் பிடரி உதிர்ந்துவிடும். இதன் மறுபக்கத்தைக் காட்டியது பிரிட்டோரியா உயிரியல் பூங்காவின் எம்மா. 2011-இல் இந்தப் பெண் சிங்கத்துக்குப் பிடரி வளர்ந்தது. கோளாறு சூலகத்தில் இருந்தது; அங்கிருந்து டெஸ்டோஸ்டீரோன் அதிகமாகச் சுரந்தது. சூலகத்தை அகற்றியதும் பிடரி போயிற்று. ஆக, பெண் சிங்கத்தின் கழுத்திலும் பிடரிக்கான மயிர்க்கால்கள் ஆயத்தமாகவே இருக்கின்றன. தட்டி எழுப்ப ஆள் இல்லாமல் ஆயுள் முழுக்க அவை உறங்குகின்றன, அவ்வளவுதான்.

காட்டில் மாறுவது மயிர் மட்டுமல்ல. சசெக்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெஃப்ரி கில்ஃபிலன் 2014 முதல் ஒகவாங்கோவில் இத்தகைய ஐந்து பெண் சிங்கங்களைக் கவனித்தார். அவற்றில் ஒன்றின் ஆய்வுப் பெயர் எஸ்ஏஎஃப்05. மற்றப் பெண்களைவிட அது அதிகம் கர்ஜித்தது. சிறுநீரைப் பீய்ச்சி எல்லை குறித்தது. சக பெண்கள்மேல் ஏறியது. பக்கத்துக் கூட்டத்தின் வரிக்குதிரை இரையைப் பறித்து, அந்தக் கூட்டத்தின் இரண்டு குட்டிகளையும் கொன்றது. அந்நியக் குட்டிகளைக் கொல்வது பெரும்பாலும் ஆண்களின் வேலை. இந்தப் பெண்கள் ஆண்களோடு இணைசேர்ந்தும் சினையாகவில்லை. அவை மலடாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து.

பிடரி வெறும் அலங்காரம் இல்லை. தூரத்திலிருந்தே மற்றச் சிங்கங்கள் படித்துவிடும் அறிவிப்புப் பலகை அது. தான்சானியாவின் செரெங்கெட்டியில் பெய்டன் வெஸ்ட்டும் கிரெய்க் பேக்கரும் இதைச் சோதித்த விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். உண்மைச் சிங்கத்தின் அளவிலேயே பொம்மைகள் செய்து, விதவிதமான பிடரிகளை மாட்டிப் புல்வெளியில் நிறுத்தினார்கள். கழுதைப்புலிகள் இரை தின்னும் சத்தத்தை ஒலிபெருக்கியில் போட்டதும் சிங்கங்கள் வந்தன. பெண்கள் கருத்த பிடரியை நாடின. ஆண்களோ கருத்த பிடரியையும் நீண்ட பிடரியையும் தவிர்த்தன. கருத்த பிடரி என்றால் டெஸ்டோஸ்டீரோன் அதிகம் என்று இரத்தப் பரிசோதனை சொன்னது. ஆனால் அதற்கு விலையும் உண்டு. வெப்பத்தைப் படமாக்கும் கேமராவில், கருத்த பிடரிக்காரர்களின் உடல் கூடுதலாகச் சூடேறியிருந்தது.

ஆணைக் கண்டு ஒதுங்குவது சிங்கங்கள் மட்டுமல்ல. போட்ஸ்வானாவிலேயே உள்ள சவூட்டியில், ஆண் துணையில்லாத பெண் சிங்கங்களிடமிருந்துதான் கழுதைப்புலிகள் இரையைப் பறித்தன. வளர்ந்த ஆண் பக்கத்தில் இருந்தால் அவை நெருங்கவில்லை. அப்படியிருக்க, பிடரி வைத்த ஒரு பெண் இரையருகே நின்றால், கழுதைப்புலிக் கூட்டம் அதை ஆண் என்று நம்பி ஒதுங்கக்கூடும். அந்தப் பெண்ணுக்குக் குட்டி பிறக்காமல் போகலாம். ஆனால் அதன் சகோதரிகளின் குட்டிகளுக்கு இறைச்சி மிஞ்சலாம்.