வை-பி டிரைவரை அப்டேட் செய்யும் முன்...

"போனில் இன்டர்நெட் நன்றாக வருகிறது. லேப்டாப்பில் மட்டும் வை-பி அடிக்கடி கட் ஆகிறது." புதிதாக லேப்டாப் வாங்கியவர்களிடம் நான் அதிகம் கேட்கும் புகார் இதுதான். இதற்கு நண்பர்கள் உடனே சொல்லும் வைத்தியமும் ஒன்றுதான்: "டிரைவரை அப்டேட் பண்ணிப் பாருங்க." அறிவுரை தவறல்ல. ஆனால் எந்த டிரைவர், எங்கிருந்து எடுப்பது, சரிப்பட்டு வராவிட்டால் என்ன செய்வது என்பதை யாரும் சொல்வதில்லை. அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

முதலில் டிரைவர் என்றால் என்ன என்று தெரிந்து கொள்வோம். உங்கள் லேப்டாப்பின் உள்ளே வை-பி சிக்னலைப் பெற்று அனுப்பும் சிறிய கார்டு ஒன்று இருக்கிறது. இதை இன்டெல், ரியல்டெக், மீடியாடெக், குவால்காம் போன்ற நிறுவனங்கள் தயாரிக்கின்றன. ஒவ்வொரு கார்டும் ஒவ்வொரு விதமாக இயங்கும். விண்டோஸ் சொல்வதைக் கார்டுக்கும், கார்டு சொல்வதை விண்டோஸுக்கும் எடுத்துச் சொல்லும் புரோகிராம்தான் டிரைவர். இது இல்லை என்றால் கார்டு இருந்தும் இல்லாதது போலத்தான்.

டிரைவர்தான் காரணமா?

அப்டேட் செய்யக் கிளம்பும் முன் ஒரு சிறிய சோதனை செய்து பாருங்கள். லேப்டாப் இருக்கும் அதே மேஜையில் உங்கள் போனை வைத்து, அதே வை-பியில் இணைத்துப் பாருங்கள். போனிலும் இணைப்பு விட்டுவிட்டு வந்தால் கோளாறு ரௌட்டரிலோ, இன்டர்நெட் இணைப்பிலோதான். டிரைவரைத் தொட வேண்டாம். போனில் சரியாக இருந்து, லேப்டாப்பில் மட்டும் சிக்கல் என்றால் டிரைவரைச் சந்தேகிக்கலாம். அதிலும் லேப்டாப்பை மூடித் திறந்த பிறகு வை-பி காணாமல் போவது, பெரிய விண்டோஸ் அப்டேட் முடிந்தபின் தகராறு தொடங்குவது ஆகிய இரண்டும் டிரைவர் சிக்கலுக்கு வழக்கமான அறிகுறிகள்.

ஒன்றை நினைவில் வையுங்கள். டிரைவர் கார்டை மாற்றிவிடாது. உங்கள் கார்டு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டும் இயங்குவது என்றால், ரௌட்டரின் 5 கிகாஹெர்ட்ஸ் இணைப்பு எந்த டிரைவரைப் போட்டாலும் பட்டியலில் தெரியாது.

உங்களிடம் இருப்பது என்ன?

விண்டோஸ் கீயையும் எக்ஸ் கீயையும் சேர்த்து அழுத்துங்கள். கிடைக்கும் மெனுவில் டிவைஸ் மேனேஜர் என்பதில் கிளிக் செய்யுங்கள். வரும் பட்டியலில் நெட்வொர்க் அடாப்டர்ஸ் என்ற பிரிவை விரித்தால் சில பெயர்கள் தெரியும். வயர்லெஸ் அல்லது வை-பி என்ற சொல்லுடன், கார்டு நிறுவனத்தின் பெயரும் எங்கே இருக்கிறதோ, அதுதான் உங்கள் கார்டு. அதில் இருமுறை கிளிக் செய்து, டிரைவர் என்ற டேபைத் தேர்ந்தெடுங்கள். டிரைவர் புரொவைடர், டிரைவர் டேட், டிரைவர் வெர்ஷன் என்ற தகவல்கள் அங்கே காட்டப்படும். கார்டின் முழுப் பெயரையும் இவற்றையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். திரையைப் போனில் படம் எடுத்துக் கொண்டாலும் போதும்.

வை-பி கார்டின் பெயரே இல்லாமல், அதர் டிவைசஸ் என்ற பிரிவில் மஞ்சள் முக்கோணத்துடன் நெட்வொர்க் கன்ட்ரோலர் என்று மட்டும் இருந்தால், அந்தக் கார்டுக்கு டிரைவரே இல்லை என்று பொருள். அதில் இருமுறை கிளிக் செய்து, டீடெய்ல்ஸ் டேபில் ஹார்ட்வேர் ஐடிஸ் என்பதைத் தேர்ந்தெடுத்தால் நீளமான ஒரு வரி கிடைக்கும். அதில் முதலில் வரும் நான்கு இலக்கக் குறியீடு தயாரிப்பாளரைக் காட்டும். 8086 என்று இருந்தால் அது இன்டெல். 1978ல் அந்நிறுவனம் வெளியிட்ட புகழ்பெற்ற 8086 பிராசசரின் எண்ணையே தன் அடையாள எண்ணாகவும் வைத்திருக்கிறது. அதனால் இதை மறப்பது கடினம்.

தேதியைப் பார்த்துப் பயப்படாதீர்கள்

அதே பட்டியலில் மைக்ரோசாப்ட் வை-பி டைரக்ட் விர்ச்சுவல் அடாப்டர் என்ற பெயரும் இருக்கலாம். அதன் டிரைவர் தேதி 2006 ஜூன் 21 என்று காட்டும். "ஐயோ, இவ்வளவு பழைய டிரைவரா?" என்று பதற வேண்டாம். விண்டோஸுடன் சேர்ந்தே வரும் தன் டிரைவர்களுக்கு மைக்ரோசாப்ட் வேண்டுமென்றே தந்திருக்கும் தேதி இது. கார்டு நிறுவனம் தரும் டிரைவர் எப்போதும் இதைவிடப் புதியதாகத் தெரிய வேண்டும். அப்போதுதான் விண்டோஸ் அதைத் தேர்ந்தெடுக்கும் என்பதற்கான ஏற்பாடு. இன்டெல் இன்னும் ஒரு படி மேலே போய், தன் சிப்செட் டிரைவர்கள் சிலவற்றுக்கு 1968 ஜூலை 18 என்று தேதி போட்டிருக்கிறது. அது அந்த நிறுவனம் தொடங்கப்பட்ட நாள். எனவே தேதியை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒப்பிட வேண்டியது வெர்ஷன் எண்ணை.

எங்கிருந்து பெறுவது?

மூன்று இடங்கள்தான். இதே வரிசையில் செல்லுங்கள்.

1. விண்டோஸ் அப்டேட்: விண்டோஸ் 11ல் செட்டிங்ஸ், விண்டோஸ் அப்டேட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஆப்ஷனல் அப்டேட்ஸ் என்று செல்லுங்கள். உங்கள் லேப்டாப்புக்கு டிரைவர் வந்திருந்தால் இங்கே தெரியும். டிவைஸ் மேனேஜரில் அப்டேட் டிரைவர் பட்டனை அழுத்தி, சிறந்த டிரைவர் ஏற்கனவே உள்ளது என்ற பதிலைப் பார்த்ததும் பலர் திருப்தி அடைந்துவிடுகிறார்கள். அந்தப் பதிலை மட்டும் நம்ப வேண்டாம். இந்தப் பக்கத்தையும் பாருங்கள்.

2. லேப்டாப் நிறுவனத்தின் இணைய தளம்: லேப்டாப்பின் அடியில் ஒட்டியுள்ள சீரியல் எண்ணை அங்கே கொடுங்கள். மாடல் பெயரை மட்டும் கொடுத்தால் குழப்பம் வரலாம். ஒரே மாடலில் ஒரு லேப்டாப்பில் இன்டெல் கார்டும், இன்னொன்றில் ரியல்டெக் கார்டும் இருப்பது சகஜம். இரண்டுக்குமான டிரைவர்கள் அந்தத் தளத்தில் அடுத்தடுத்து இருக்கும். நீங்கள் தாளில் எழுதி வைத்த கார்டின் பெயர் இங்கேதான் உதவும்.

3. கார்டு நிறுவனத்தின் தளம்: இன்டெல் தன் கார்டுகளுக்கான பொது டிரைவர்களை நேரடியாகத் தருகிறது. லேப்டாப் நிறுவனங்கள் தங்கள் மாடலுக்கு ஏற்றபடி சில மாற்றங்கள் செய்திருக்கலாம் என்பதால், முதல் இரண்டு இடங்களில் பலன் இல்லாதபோது மட்டும் இங்கே வாருங்கள்.

நான்காவதாக ஒரு இடம் உண்டு. அங்கே போகக் கூடாது. "உங்கள் கம்ப்யூட்டரில் 23 டிரைவர்கள் பழையவை! உடனே சரி செய்யுங்கள்" என்று மிரட்டும் இலவச புரோகிராம்கள்தான் அவை. எங்கள் தெருவில் உள்ள ஓர் அக்கா, இரவு ஒன்பது மணிக்கு மகளின் லேப்டாப்புடன் வந்தார். "தம்பி, நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள இவ கவுன்சலிங்குக்குக் காலேஜ் எல்லாம் வரிசையாப் பதிவு பண்ணணும். வை-பியே காணோம்" என்றார். அந்தப் பெண் அப்படி ஒரு புரோகிராமை நம்பி, எல்லாவற்றையும் ஒரே கிளிக்கில் புதுப்பித்திருக்கிறார். அது இருந்த வை-பி டிரைவரை நீக்கிவிட்டு, வேறு கார்டுக்கான டிரைவரைப் போட்டிருந்தது. பழையதற்குத் திரும்பும் பட்டனும் மங்கலாகக் கிடந்தது. சரியான டிரைவரை இறக்கலாம் என்றால் இன்டர்நெட் வேண்டும். இன்டர்நெட்டுக்கோ டிரைவர் வேண்டும்.

இந்த முடிச்சை அவிழ்க்க எளிய வழி உண்டு. ஆண்ட்ராய்டு போனை அதன் சார்ஜர் கேபிளால் லேப்டாப்பில் இணைத்து, போன் செட்டிங்ஸில் ஹாட்ஸ்பாட் பிரிவில் உள்ள யு.எஸ்.பி. டெதரிங் என்பதை ஆன் செய்யுங்கள். போனின் இன்டர்நெட் கேபிள் வழியாக லேப்டாப்புக்கு வரும். இதற்கு வை-பி டிரைவர் தேவையில்லை. அன்று அந்தப் பெண் முதலில் கல்லூரிகளைப் பதிவு செய்து முடித்தார். பிறகே லேப்டாப் நிறுவனத்தின் தளத்திலிருந்து சரியான டிரைவரை இறக்கிப் போட்டோம். வை-பி திரும்ப வந்துவிட்டது.

அப்டேட் செய்யும்போது

* இப்போதுள்ள வெர்ஷனுக்கான டிரைவர் பைலையும், புதிய பைலையும் இறக்கி ஒரு பென் டிரைவில் வையுங்கள். விண்டோஸை மறுபடி பதிய நேர்ந்தாலும் இது கை கொடுக்கும்.
* கன்ட்ரோல் பேனலில் சிஸ்டம் ரெஸ்டோர் வசதியைத் திறந்து, ஒரு ரெஸ்டோர் பாயின்ட் உருவாக்குங்கள்.
* சார்ஜரை இணைத்த பிறகே டிரைவர் பைலை இயக்குங்கள். நடுவே சில நொடிகள் வை-பி துண்டிக்கப்படும், அது இயல்பு.
* முடிந்ததும் ரீஸ்டார்ட் செய்து, டிரைவர் டேபில் வெர்ஷன் எண் மாறியிருக்கிறதா என்று பாருங்கள்.
* புதிய டிரைவரால் நிலைமை மோசமானால், அதே டேபில் ரோல் பேக் டிரைவர் என்ற பட்டனை அழுத்துங்கள். அது மங்கலாக இருந்தால் பென் டிரைவில் உள்ள பழைய பைலை இயக்குங்கள்.

நெட்வொர்க் ரீசெட் என்ற வசதியைக் கடைசி முயற்சியாக மட்டும் பயன்படுத்துங்கள். சேமித்து வைத்த வை-பி பாஸ்வேர்டுகள் எல்லாம் அதில் அழிந்துவிடும்.

நன்றாக ஓடினால் விட்டுவிடலாமா?

வை-பி நன்றாக இயங்கும்போது டிரைவரைத் தேடி அலைய வேண்டாம் என்பதுதான் என் கருத்து. ஆனால் விண்டோஸ் அப்டேட்டை மட்டும் ஒருபோதும் நிறுத்தி வைக்காதீர்கள். 2017 அக்டோபரில் கிராக் என்ற பெயரில், வை-பி பாதுகாப்பு முறையான டபிள்யு.பி.ஏ.2வில் இருந்த ஓட்டையை மேத்தி வான்ஹோப் என்ற பெல்ஜிய ஆய்வாளர் வெளிப்படுத்தினார். 2021 மே மாதம் பிராக் அட்டாக்ஸ் என்ற பெயரில் மேலும் பல ஓட்டைகளை அவரே அறிவித்தார். 2024 ஜூனில் விண்டோஸின் வை-பி டிரைவரிலேயே இருந்த ஒரு குறையை மைக்ரோசாப்ட் சரி செய்தது. அருகில் இருப்பவர், உங்கள் பாஸ்வேர்டு தெரியாமலேயே, வை-பி சிக்னல் வழியாக உங்கள் லேப்டாப்பைத் தாக்க இடம் தந்த குறை அது. இவற்றுக்கான தீர்வுகள் விண்டோஸ் அப்டேட் வழியாக வந்தன. பிராக் அட்டாக்ஸ் போன்றவற்றுக்குக் கார்டு நிறுவனங்களும் புதிய டிரைவர்களை வெளியிட்டன. பஸ் நிலையம், ஓட்டல் என்று பொது வை-பியில் லேப்டாப்பைத் திறப்பவர்கள் இதை அலட்சியம் செய்யக் கூடாது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ல் முடிந்துவிட்டது. உங்கள் லேப்டாப் ஏற்றுக்கொள்ளும் என்றால் விண்டோஸ் 11க்கு மாறிவிடுவது நல்லது.

இன்று ஒரு பத்து நிமிடம் ஒதுக்குங்கள். கார்டின் பெயர், டிரைவர் வெர்ஷன், லேப்டாப் சீரியல் எண் மூன்றையும் எழுதி, டிரைவர் பைலைப் பென் டிரைவில் போட்டு வையுங்கள். வை-பி நன்றாக வேலை செய்யும் போதுதான் இதைச் செய்ய முடியும்.