முன்னோட்டமும் எச்சமும்: திரைப்பட விளம்பரக் காட்சியின் ஈர்ப்பு நெறி

ஆய்வுச் சுருக்கம்

திரைப்பட முன்னோட்டம் கதையைச் சுருக்கித் தருவதால் அன்று, முடிக்காமல் நிறுத்துவதாலேயே பார்வையாளரை அரங்கிற்கு அழைக்கிறது. தொல்காப்பியம் கூறும் எச்சம் என்னும் செய்யுளுறுப்பைக் கொண்டு இவ்வியல்பை விளக்கும் இக்கட்டுரை, முன்னோட்டத்தின் நேர்மையை அளக்கவும் அவ்வுறுப்பு துணைசெய்யும் எனக் கருதுகிறது.

திறவுச்சொற்கள்: முன்னோட்டம், எச்சம், பாயிரம், பாட்டுப்புத்தகம், சைக்கோ

முன்னுரை

ட்ரெய்லர் என்னும் ஆங்கிலச் சொல் பின்தொடர்ந்து வருவது எனப் பொருள்படும். தொடக்கக் காலத்தில் இவ்விளம்பரத் துணுக்குகள் படம் முடிந்த பின்னர்க் காட்டப்பட்டமையால் இப்பெயர் அமைந்தது. பின்னர் அவை படத்திற்கு முன்னரே காட்டப்பட்டன. பெயர் மட்டும் மாறவில்லை. தமிழில் வழங்கும் முன்னோட்டம் என்னும் சொல் இன்றைய நடைமுறைக்குப் பொருந்துகிறது. எனினும் அச்சொல், அது படத்தின் சுருக்கம் என்ற எண்ணத்தையும் உடன் தருகிறது. அவ்வெண்ணம் பொருந்துமா என்பது இக்கட்டுரையின் முதல் வினா. முன்னோட்டத்தில் உள்ளது படத்தில் இல்லாதவிடத்து அதனை ஏமாற்று எனலாமா என்பது இரண்டாம் வினா.

பாயிரமும் முன்னோட்டமும்

ஒரு படைப்பிற்கு முன்நின்று அதனை அறிமுகம் செய்வதைத் தமிழ் மரபு பாயிரம் என்கிறது. நூலாசிரியர் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என 8 செய்திகளைச் சிறப்புப்பாயிரம் உணர்த்த வேண்டும் என்பது நன்னூல் கொள்கை. முன்னோட்டமும் இவற்றுட் சிலவற்றைத் தவறாமல் தருகிறது. இயக்குநர், நடிகர் பெயர்களும் படத்தின் பெயரும் திரையில் தோன்றுகின்றன; எத்தகைய பார்வையாளர்க்கு உரிய படம் என்பதும் இசையாலும் காட்சியாலும் புலப்படுகிறது. நுதலிய பொருளில்தான் இரண்டும் வேறுபடுகின்றன. பாயிரம் அதனைத் தெளிவுபடுத்துகிறது. முன்னோட்டம் அதனைத் தொடங்கிப் பாதியில் நிறுத்துகிறது. ஆகவே முன்னோட்டத்தைப் பாயிரத்தின் மறுவடிவம் எனக் கொள்வது முழுமையாகப் பொருந்தாது.

எச்சம் என்னும் கருவி

தொல்காப்பியச் செய்யுளியல் கூறும் 34 உறுப்புகளுள் எச்சமும் ஒன்று. கூற்றில் வெளிப்படாது எஞ்சி நிற்கும் பொருள், சொல்லாலோ குறிப்பாலோ முடிவுபெறுவது அதன் இயல்பு. குறுந்தொகையின் முதற்பாடலில், தங்கள் குன்றம் காந்தள் மலர்களை மிகுதியாக உடையது என்பதோடு தோழியின் கூற்று நின்றுவிடுகிறது. தலைவன் கொணர்ந்த கையுறை வேண்டா என்னும் மறுப்பைக் கேட்போரே உணர்ந்து முடித்துக்கொள்கின்றனர்.

முன்னோட்டமும் இவ்வாறே எஞ்சவிடுகிறது. எனினும் ஒரு வேறுபாடு உண்டு. பாடலின் எச்சத்தை முடிப்பதற்கு வேண்டிய குறிப்பு பாடலுக்குள்ளேயே உள்ளது. முன்னோட்டத்தின் எச்சத்தை முடிப்பதற்கு வேண்டியது அரங்கிற்குள் இருக்கிறது. முடிபை விலைக்குரியதாக்கும் எச்சம் என இதனைக் குறிக்கலாம்.

தமிழ்த் திரைச்சூழலுக்கு இந்நெறி புதிதன்று. திரையரங்குகளில் விற்கப்பட்ட பாட்டுப்புத்தகங்கள் பாடல்களோடு கதைச்சுருக்கத்தையும் அச்சிட்டன. கதை சிக்கலுற்ற இடத்தில் உரைநடை நின்றுவிடும். மீதியை வெண்திரையில் காண்க என்னும் வாய்பாடு அங்கே இடம்பெறும். சுருக்கம் என்ற பெயரில் அச்சேறியதும் உண்மையில் எச்சமாகவே இருந்தது.

சைக்கோ முன்னோட்டம்

ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் இயக்கி 1960இல் வெளிவந்த சைக்கோ திரைப்படத்தின் முன்னோட்டம் இதற்குச் சிறந்த சான்றாகும். 6 நிமிடங்களுக்கு மேல் நீளும் அதில் கதைமாந்தர் உரையாடும் காட்சி எதுவும் இல்லை. 1955 முதல் தொலைக்காட்சித் தொடர் வாயிலாக அமெரிக்க இல்லங்களுக்கு அறிமுகமாகியிருந்த இயக்குநரே, சுற்றுலா வழிகாட்டி போல விடுதியையும் அதன் அருகிலுள்ள வீட்டையும் சுற்றிக் காட்டுகிறார். கொலை நிகழ்ந்த மாடிப்படி, தாயின் படுக்கையறை, விடுதியின் முன்கூடம் என ஒவ்வோரிடத்திலும் அவர் ஒரு தொடரைத் தொடங்குகிறார். அதன் பயனிலை வருமுன் நிறுத்தி அடுத்த இடத்திற்கு நகர்கிறார். சுவரிலுள்ள படம் ஒன்று முக்கியமானது என்கிறார், காரணத்தைச் சொல்லவில்லை. குளியலறையில் நடந்ததை விவரிக்கத் தொடங்கி, கொடூரம் கருதி விடுப்பவர் போல் விடுக்கிறார். முடிவுறாத் தொடர்களை முடிக்கும் பணி பார்வையாளர் மனத்திற்கு மாறுகிறது. தாமே கற்பனை செய்த அச்சத்தைச் சரிபார்க்க அவர்கள் அரங்கிற்கு வர வேண்டியவராகின்றனர்.

இறுதியில் ஹிட்ச்காக் குளியலறைத் திரையை விலக்க, ஒரு பெண் அலறுகிறாள். படத்தில் அவ்விடத்தில் கொல்லப்படுபவர் ஜேனட் லீ. முன்னோட்டத்தில் அலறுபவரோ, படத்தில் தங்கையாக நடித்த வேரா மைல்ஸ். அதாவது முன்னோட்டத்தின் உச்சக் காட்சி படத்தில் இல்லவே இல்லை. ஆயினும் பார்வையாளர் ஏமாற்றப்பட்டதாகக் கொள்ள இடமில்லை. முன்னோட்டம் எஞ்சவிட்டது அக்குளியலறையில் என்ன நடந்தது என்னும் வினாவையே; படம் அதற்கு முழுமையான விடையைத் தந்தது.

ஏமாற்றமும் எச்சமும்

இதற்கு மாறான நிலையை 2016இல் வெளிவந்த ஃபேன் என்னும் இந்திப் படத்தின் வழக்கில் காணலாம். முன்னோட்டத்தில் இடம்பெற்ற பாடல் படத்தில் இல்லை எனப் பார்வையாளர் ஒருவர் நுகர்வோர் மன்றத்தை அணுகினார். மாநில நுகர்வோர் ஆணையம் இழப்பீடு வழங்கப் பணித்தது. தேசிய ஆணையமும் அதனை ஏற்றது. 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அவ்வாணைகளை நீக்கியது. முன்னோட்டம் ஒப்பந்தத்திற்குரிய முன்மொழிவும் ஆகாது, வாக்குறுதியும் ஆகாது. நுழைவுச்சீட்டு வாங்க ஊக்குவிப்பதே அதன் நோக்கம் என்பது தீர்ப்பின் சாரம்.

சட்ட நோக்கில் இது தெளிவான முடிபு. எனினும் இரு படங்களிலும் முன்னோட்டத்தில் இருந்தது படத்தில் இல்லை. ஒன்றில் குறை தோன்றவில்லை, மற்றொன்றில் தோன்றியது. இவ்வேறுபாட்டைச் சட்டத்தின் சொற்களால் விளக்க இயலாது. எச்சம் என்னும் கருத்து அதனை விளக்குகிறது. சைக்கோ முன்னோட்டத்தின் அலறல், வேறொன்றைச் சுட்டும் குறிப்பு. சுட்டப்பட்டது கிடைத்தபின் குறிப்பு தேவையற்றதாகிறது. பாடலோ குறிப்பன்று, தன்னளவில் நிறைவுற்ற நுகர்பொருள். அதனை விரும்பி வந்தவர்க்குப் படத்தின் வேறெந்தப் பகுதியும் ஈடாகாது.

முடிவுரை

முன்னோட்டம் சுருக்கமன்று, எச்சமே என்பது முதல் வினாவிற்கு விடை. அது தொடங்கிவைக்கும் பொருளைப் பார்வையாளரே வளர்த்துக்கொள்வதால், புறத்தே வாக்குறுதி தரப்படாதபோதும் அகத்தே எதிர்பார்ப்பு உருவாகிறது. எனவே முன்னோட்டத்தின் காட்சிகள் அனைத்தும் படத்தில் உள்ளனவா என்று எண்ணிப் பார்ப்பது அதன் நேர்மைக்கு ஏற்ற அளவுகோலன்று. அது எஞ்சவிட்ட பொருள் படத்தில் முடிபு பெற்றதா என்பதே இரண்டாம் வினாவைத் தீர்க்கும் அளவுகோல். செய்யுளுக்கென வகுக்கப்பட்ட உறுப்பு ஒன்று திரை விளம்பரத்தையும் மதிப்பிட உதவுவது, தமிழ்ப் பொருளிலக்கணத்தைச் சமகால ஊடக ஆய்விற்குப் பயன்படுத்த இடமுண்டு என்பதைக் காட்டுகிறது.